இராயப்பன் வீட்டுக் கூரையில் புகை இல்லை

கஞ்சன் என்று சொல்கிற வாயெல்லாம் இராயப்பன் வீட்டுச் சோற்றைத் தின்ற வாய்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு மனிதனை எத்தனை விதமாகப் பேச முடியுமோ அத்தனை விதமாகவும் அவனைப் பேசியாயிற்று. பெண்டாட்டியைக் குவைத்துக்கு அனுப்பிவிட்டு அந்தக் காசில் குந்தித் தின்கிறான் என்றார்கள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறான் என்றார்கள். அப்புறம், யாரோ ஒருத்தி இவனுக்குப் பொங்கிப் போடுகிறாள் என்றார்கள். பட்டினி போடுகிறவனுக்கு ஒருத்தி எதற்காகப் பொங்கிப் போட வேண்டும்? குந்தித் தின்கிறவன் விடிந்ததும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவானேன்? அதையெல்லாம் ஒருத்தரும் கேட்கவில்லை. பேச்சு ருசியாக இருந்தால் கேள்வி எங்கிருந்து வரும்?

கேளுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பஸ் ரோட்டை விட்டு மேலே ஏறினால், தோட்டத்தின் மேல் பிரிவில் வருகிறது மேற்கணக்கு லயம். நீளமாய் ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். வரிசையின் கடைசியில், தொங்கல் காம்பராவில் இருந்தான் இராயப்பன். தொங்கல் என்பதால் அவனுக்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு. அந்த ஒரு பக்கமும் இராக்கம்மாவாகப் போனது அவன் தலையெழுத்து.

இராக்கம்மா கெட்டவள் இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட்டதால் தனிக்கட்டை. கையும் தாராளம், வாயும் தாராளம். யாருக்காவது காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள் அவள்தான். அந்தக் காய்ச்சல் எப்படி வந்தது என்று லயம் முழுக்கச் சொல்லுகிறவளும் அவள்தான்.

முன்பெல்லாம் இராயப்பனுக்கு இருந்த கை, ஓட்டைக் கை. சம்பளத்தன்று பதுளைக்குப் போனால் பை நிறைய எதையாவது வாங்கி வருவான். வீட்டுக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்காது. கணக்குப் பார்த்து வீட்டை ஓட்டியவள் பெண்டாட்டி பிரான்சிஸ்காதான். கீழே பஸ் ரோட்டோரம் வீடு கட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தபோது, அத்திவாரத்தோடு கையில் இருந்தது கரைந்துவிட்டது. அதனால்தான் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகத் தீர்மானித்தாள்.

போவதற்கு முந்தின நாள் துணி மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "செவுருக்கு நான் அனுப்பிருவேன். கூரைக்குத்தான் வழியக் காணோம். ரெண்டாந் தரமும் கையெழுத்து வச்சு இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வந்தாத்தான் முடியும்போல."

"வேணாம்," என்றான் இராயப்பன். "ஒரே தடவதான். கூரை என் பொறுப்பு. என் சம்பளத்துல மிச்சம் பிடிச்சுத் தகரம் வாங்கிப் போடுறேன். நீ தவணை முடிஞ்சதும் வந்துரு."

பிரான்சிஸ்கா மடிப்பை விட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மிச்சம் பிடிக்கப் போறது நீங்களா?"

"ஏன், நான் பிடிச்சா ஓடிருமா?"

"உங்க கையில நின்ன காச நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங்க. நின்னா நல்லதுதான். நிக்கலைன்னா நான் அங்கேயே இருந்துக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. கூரை ஏறினால் அவள் வருவாள், ஏறாவிட்டால் வரமாட்டாள். மகள் ஷிரோமிக்கு அப்போது பத்து வயது நடந்துகொண்டிருந்தது. அம்மா போன அன்று அழாத பிள்ளை, அடுத்த நாள் அப்பா தலை பின்னிவிட்டபோது அழுதது. பின்னல் அப்படி.

முதல் மாதம் சம்பளம் கைக்கு வந்தது, மாதம் முடிவதற்குள் போயும் விட்டது. எங்கே போனது என்று இராயப்பனுக்கே தெரியவில்லை. பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. குடித்து அழிக்கவுமில்லை, தவறணைப் பக்கம் வாரத்துக்கு ஒரு தடவைதான் போனான். அடுப்படியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். மாலையானால் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பாண்காரன் வருகிறான். பிள்ளை பாவம் என்று இரண்டு பணிஸ். மழை தூறினால் ஓட்டோ. சவர்க்காரம், தூள், எண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையில் சின்னச் சின்னப் பைக்கட்டாக, அன்றன்றைக்கு. பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை. ஊசி குத்தின ஓட்டைதான், ஆனால் குடம் பூராவும் ஊசி குத்தியிருந்தது.

அன்றைக்குத்தான் அவன் மாறினான். ஒரேயடியாக மாறினான் என்று சொன்னால் பொய். ஒவ்வொன்றாக மாறினான், இடையிடையே சறுக்கினான்.

பாண்காரனை வெல்லத்தான் ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. அந்தப் பாட்டு வளைவில் கேட்கும்போதே ஷிரோமியின் முகம் மாறிவிடும். வாங்கித் தரமாட்டேன் என்று சொல்ல இராயப்பனுக்கு மனசு வராது. ஆகவே பாண்காரன் வருவதற்கு முன்னாலேயே கோதுமை மா ரொட்டி ஒன்றைத் தட்டி, தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி அவள் கையில் கொடுத்துவிடுவான். வயிறு நிறைந்தவள் காதில் அந்தப் பாட்டு விழுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தான். பிறகு தனக்கும் அதையே செய்துகொண்டான்: பதுளைக்குச் சாமான் வாங்கப் போகிற நாளில் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவான். பசியோடு போனால்தான் கடையில் உள்ளதெல்லாம் கண்ணுக்கு அழகாய்த் தெரிகிறது.

மா, பருப்பு, சவர்க்காரம் எல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை, பதுளையில், மொத்தமாய். எண்ணெய்க்கு வீட்டுப் போத்தல். தேய்ந்த சவர்க்காரத் துண்டைப் புதுக்கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவான். தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்குவதை நிறுத்தினான்; உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு வெறும் சாயத்தைக் குடித்தால் பாதிச் சீனியில் முழு இனிப்பு. லயத்துத் தண்ணீர்க் கான் ஓரத்தில் வல்லாரையும் கீரையும் போட்டான். சின்ன வேலைகளுக்குப் பஸ் ரோடு வரை நடை.

விளக்கு விஷயம் தனிக்கதை. முன் காம்பராவுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று இருந்த இரண்டு பல்பில் ஒன்றைக் கழற்றி, மற்றதைச் சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே இருந்த திறப்பில் தொங்கவிட்டான். ஒரே வெளிச்சம் இரண்டு பக்கமும் விழுந்தது. சொல்லப்போனால் மூன்று பக்கமும் விழுந்தது. இராக்கம்மா வீட்டுக்குள்ளும் பாதி வெளிச்சம் போனது. முதலில் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வந்தவள், பிறகு சத்தமில்லாமல் தன் பல்பை அணைத்துவிட்டு, இராயப்பன் வீட்டு வெளிச்சத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே இராயப்பனைக் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மிச்சமானது கையில் இருந்தால் கரைந்துவிடும் என்று அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். ஆகவே சம்பளத்துக்குச் சம்பளம் பதுளையில் மபாஸ் முதலாளியின் இரும்புக் கடைக்குப் போய்த் தகரமாகவே வாங்கிவிடுவான். சில மாதம் இரண்டு, சில மாதம் ஒன்று.

"ஒத்தத் தகரம் ஒத்தத் தகரமா வாங்கி வீடு கட்டுற ஆள இப்பத்தான் காணுறேன் அண்ணே," என்பார் மபாஸ்.

"காசா இருந்தா செலவழிச்சிருவேன் மொதலாளி. தகரத்தக் குடுத்தா யாரும் பணிஸ் தரமாட்டான்ல?"

மபாஸ் சிரித்துக்கொண்டே அவற்றைத் தன் கடையின் பின்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்வார். அதனால் லயத்தில் ஒருவர் கண்ணிலும் அந்தத் தகரம் படவில்லை. மிச்சம் பிடிப்பது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது.

இனிமேல்தான் பெட்டி வருகிறது. இராயப்பன் மலைக்குத் தேத்தண்ணிப் போத்தலைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டு போவான். ஒரு குளிர் நாளில் கவ்வாத்து வெட்டிவிட்டு மத்தியானம் போத்தலைத் திறந்தால் ஆவி பறக்கிறது. தேத்தண்ணி சூட்டை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறதே, சோறு தன் சூட்டிலேயே வெந்துகொள்ளாதா என்று அவனுக்குத் தோன்றியது. வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. அதில் சாக்கைத் திணித்து, அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, மூடியோடு பானையை உள்ளே இறக்கி மூடி வைத்தான். அன்று அப்பனும் மகளும் அரைவேக்காட்டைத் தின்றார்கள். அடுத்த நாள் சாக்கு வாடை. அதற்கடுத்த நாள் பெட்டிக்குள் பானை சாய்ந்து, கஞ்சி கொட்டிச் சாக்கெல்லாம் பிசுபிசுத்தது.

"அப்பா, அம்மாவோட கம்பளி இருக்கே," என்றாள் ஷிரோமி.

அந்தக் கம்பளி பிரான்சிஸ்காவின் அம்மாவுடையது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கொடுத்த கருப்புக் கம்பளி, மழையிலும் குளிரிலும் அந்த அம்மாள் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தது. பிரான்சிஸ்கா அதைப் பூச்சி உருண்டை போட்டுத் துணியில் சுற்றி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இராயப்பன் நாள் முழுக்க யோசித்தான். கடைசியில் எடுத்துவிட்டான்.

அன்றைக்குச் சோறு மல்லிகைப்பூ மாதிரி வெந்திருந்தது.

"அம்மாட்ட மட்டும் சொல்லிராத தங்கம்," என்றான் மகளிடம். "இங்க யாருகிட்டயும் சொல்லாத. இராக்கம்மா பெரியம்மா காதுல விழுந்துச்சுன்னா சோறு வேகுறதுக்குள்ள குவைத்துக்குப் போயிரும்."

அதன்பிறகு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. கவ்வாத்து வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும்; மலையிலிருந்து வந்ததும், காய்ந்த கவ்வாத்துக் குச்சியை வைத்துக் கொஞ்ச நேரம் அடுப்பெரிப்பான். அரிசி ஒரு பானை, பருப்பு ஒரு சட்டி. கொதித்ததும் இரண்டையும் கம்பளிக்குள் இறக்கிவிடுவான். பொழுது சாய்ந்ததும் எடுத்தால் கைசுடச் சாப்பாடு. விறகு பாதிக்கும் கீழே. பிறகு மாலையில் எதற்கு அடுப்பு?

அங்கேதான் வினை வந்தது. எங்கள் லயத்தில் மாலையில் யாரும் யார் வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை; கூரையைப் பார்த்தால் போதும். வேலை முடிந்து எல்லாரும் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் தகர இடுக்கெல்லாம் புகை வரும். எந்த இடத்தில் புகை வரவில்லையோ அந்த வீட்டில் காய்ச்சல், இல்லை சண்டை, இல்லை சாவு. தொங்கல் காம்பராவுக்கு மேலே மட்டும் நாள் கணக்கில் புகை இல்லை. மத்தியானப் புகையைப் பார்க்க லயத்தில் ஆள் இருக்கவில்லை. பெண்களெல்லாம் மலையில் நின்றார்கள்.

இராக்கம்மாவின் மனசு கேட்கவில்லை. ஒரு மாலை தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"இந்தா தம்பி, புள்ளைக்குக் குடு. எனக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு."

"எங்களுக்கு இருக்கு அக்கா."

"இருக்கும், இருக்கும். புடி."

மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டான். அடுத்தவர் ஏனத்தை வெறும் ஏனமாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் லயத்தில் கிடையாது. ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இராயப்பன் அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும் தூக்குச்சட்டியைக் கழுவி, பெட்டியிலிருந்து பருப்பை அள்ளி ஊற்றி, தன் வாசலில் நின்று இராக்கம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தான். இராக்கம்மா வாங்கினாள். அடியில் பிடித்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

சூடு. கொதிக்கக் கொதிக்கப் பருப்பு. கூரையைப் பார்த்தாள், புகை இல்லை. எட்டி அடுப்பைப் பார்த்தாள், பூனை படுத்திருந்தது.

"இது யாரு ஆக்குனது தம்பி?"

"நாந்தான் அக்கா."

"ம்," என்றாள் இராக்கம்மா. அவள் அப்படி ஒற்றை எழுத்தில் பேச்சை முடித்தால் பயப்பட வேண்டும். இராயப்பனுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் பீலிக்கரையில் பட்டினிக் கதை போய் வேறு கதை வந்தது. கீழ்க்கணக்கிலிருந்து ஒருத்தி கறுத்த குடை பிடித்துக்கொண்டு வருகிறாளாம், தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் கொய்யா மரத்துப் பக்கமாகப் போய்விடுகிறாளாம். குடையின் நிறம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். இராக்கம்மா சொன்னது சூடான பருப்பு மட்டும்தான். குடையை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள்.

ஆனால் குவைத்துக்குக் குரல் பதிந்து அனுப்பியது இராக்கம்மாவேதான். "பிரான்சிஸ்கா, நான் ஒண்ணும் சொல்லல. நீயும் கேக்காத. உங்க வீட்டுல அடுப்பு எரியுறதில்ல, சோறு மட்டும் சுடச்சுட இருக்கு. அதுக்கு மேல என் வாயக் கிளறாத."

தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இராயப்பன் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தான். வழக்கமாய் அவன் முகம் தெரிந்ததும் பிரான்சிஸ்கா சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சாப்டீங்களா?"

"இனிமேத்தான்."

"ஆக்கியாச்சா?"

"அதெல்லாம் ஆச்சு."

"அடுப்பக் காட்டுங்க."

காட்டினான். பூசைக்கு முன்னால் எரிந்து ஆறின சாம்பல்தான் இருந்தது.

"இதுலயா ஆக்குனீங்க? சோறு எங்க? ஏன் முழிக்கிறீங்க?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் இராயப்பனுக்குப் பயமாக இருந்தது. "மேடம் அடுத்த ரெண்டு வருசத்துக்குத் தாள நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கூரைக்குத்தான் வழியில்லைன்னு நெனச்சிருந்தேன். அங்க எனக்கு எடமே இல்லைன்னா சொல்லிருங்க, இன்னைக்கே கையெழுத்து வச்சிர்றேன்."

பொம்பளை விஷயமாகத்தான் கேட்கிறாள் என்று அப்போதுதான் இராயப்பனுக்கு உறைத்தது.

"அப்பா, சொல்லிருங்கப்பா," என்றாள் ஷிரோமி. அவனுக்காகக் காத்திருக்காமல் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் மேல் கிடந்த சாக்கை இழுத்துவிட்டாள்.

குவைத்தில் போன் முகத்துக்குக் கிட்டே வந்தது. பிறகு, "அது எங்கம்மா கம்பளி," என்றாள் பிரான்சிஸ்கா.

"சோறு வேக வைக்கத்தான் எடுத்தேன்," என்றான் இராயப்பன்.

"எங்கம்மா கம்பளியில சோறா?"

சாக்கு, பானை, தேத்தண்ணிப் போத்தல், ஸ்வெட்டர் என்று தலையும் வாலுமாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, "அடுப்பில்லாம பெட்டிக்குள்ள சோறு வேகுது. அத நான் நம்பணும்," என்றாள்.

"தொறந்து காட்டுறேன், பாரு. இப்பவே வெந்திருக்கும்."

"வெந்த சோத்த யாரும் கொண்டாந்து வைக்கலாம். புதுசாப் போடுங்க, என் கண்ணு முன்னால. மேடம் தூங்கி எந்திரிச்சதும் நான் திரும்ப எடுக்கிறேன். அதுவரைக்கும் காவலுக்கு ஆள் வேணும். இராக்கம்மாக்கா, உள்ள வாங்க. செவுருக்கு அந்தாண்டதான் நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி சரிந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இராக்கம்மா முந்தானையை உதறிக்கொண்டு, இப்போதுதான் அந்த வழியாய் வந்தவள் மாதிரி வந்தாள். அவள் பின்னால், வாசல் திண்ணையான இஸ்தோப்பு நிறைய ஆள்.

ஏற்கெனவே வெந்திருந்த சோற்றை இராயப்பன் வந்தவர்களுக்கே பருப்போடு போட்டுக் கொடுத்தான். வெந்துதான் இருக்கிறது, ஆனால் குடைக்காரி கொண்டு வந்ததாகவும் இருக்கலாம் என்று பேசிக்கொண்டே தின்று முடித்தார்கள். பிறகு எல்லார் முன்னாலும் அரிசி கழுவி, அடுப்பில் வைத்து, கொதி வந்து கொஞ்ச நேரம் ஆனதும் இறக்கி, கம்பளியில் சுற்றிப் பெட்டியை மூடினான். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தான். இராக்கம்மா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அவ்வளவு பேர் தின்ற ஏனத்தைக் கழுவ வீட்டில் தண்ணீர் போதவில்லை. இராயப்பன் பீலிக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கம்பளியின் முனையை அவன் செருகியிருந்தது இடது பக்கம். இப்போது வலது பக்கம் தொங்கியது. ஷிரோமி கண்ணாலேயே இராக்கம்மாவைக் காட்டினாள். இராக்கம்மா கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு விரலை வாயில் வைத்தபடி.

நடுவில் திறந்தால் போச்சு. அந்தச் சூடு திரும்பி வராது. இரண்டு வருஷம் உள்ளங்கையில் சீனி நக்கியது, பாண்காரன் பாட்டை ஜெயித்தது, எல்லாமே அந்த ஒரு மூடியோடு போய்விட்டது போல அவனுக்கு இருந்தது. கத்த வேண்டும் என்று வந்தது. கத்தினால் என்ன ஆகும்? திறந்ததை அவள் இல்லை என்பாள், தோற்கப் போகிறவன் சாக்குச் சொல்கிறான் என்று ஊர் சொல்லும். பேசாமல் கம்பளியை மறுபடி இறுகச் செருகிவிட்டு, பெட்டியின் மேல் தன் ஸ்வெட்டரையும் கழற்றிப் போட்டான்.

போன் மணி அடித்தது.

"தொறங்க," என்றாள் பிரான்சிஸ்கா. "நீங்க இல்ல. அக்கா தொறக்கட்டும்."

இராக்கம்மா திறந்தாள். ஆவி வந்தது, ஆனால் மற்ற நாட்கள் மாதிரி முகத்தில் அடிக்கவில்லை. கரண்டியில் எடுத்து ஒரு பருக்கையை விரலால் நசுக்கினாள். இன்னொன்றை நசுக்கினாள். ஒன்றை வாயில் போட்டு மென்றாள். இஸ்தோப்பில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"என்னக்கா?"

"நடுவுல ஒரு நூல் பச்சையா இருக்கு பிரான்சிஸ்கா," என்றாள் இராக்கம்மா.

இராயப்பன் அப்படியே அடுப்புத் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

இராக்கம்மா அவனைப் பார்த்தாள், ஷிரோமியைப் பார்த்தாள். பிறகு போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். "ஆனா அது அவன் குத்தமில்ல. நாந்தான் நடுவுல தொறந்தேன். உள்ள வேகுதா இல்லையான்னு என் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. கைய விட்டேன், சுட்டிருச்சு. இந்தா, வெரலப் பாரு." கொப்புளத்தைப் போனில் காட்டினாள். "நான் தொறக்காம இருந்திருந்தா இது பூவா வெந்திருக்கும். ஒரு பொம்பளையும் வரல. வாசல விட்டு நான் எந்திரிக்கவே இல்ல. குடையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"அப்ப எனக்கு ஏன் அப்படிச் சொல்லி அனுப்புனீங்க?"

"நான் என்னத்தச் சொன்னேன்? அடுப்பு எரியல, சோறு சூடா இருக்குன்னேன். அது நெசந்தான?"

முதலில் சிரித்தது ஷிரோமி. பிறகு இஸ்தோப்பு. கடைசியாகக் குவைத்திலிருந்தும் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"தகரம் எத்தன சேந்திருக்கு?" என்று கேட்டாள் பிரான்சிஸ்கா.

"வீட்டுக்குச் சரியாயிரும். குசினிக்கு மட்டும் ரெண்டு கொறையுது," என்றான் இராயப்பன், எழுந்து நின்று.

"குசினிக்கு எதுக்குக் கூரை? நீங்கதான் அடுப்பே எரிக்கிறதில்லையே." பிறகு சொன்னாள்: "மேடத்துக்கிட்ட தாளத் திருப்பிக் குடுத்துர்றேன். ஆனா ஒண்ணு. எங்கம்மா கம்பளியத் தொவைச்சுக் காயப்போட்டு வைக்கணும். பருப்பு வாடை வந்துச்சோ, வந்த பஸ்லயே திரும்பிருவேன்."

அடுத்த சம்பளத்துக்கு மபாஸ் முதலாளியின் லொறி தகரங்களைக் கொண்டுவந்து பஸ் ரோட்டில் இறக்கியது. பிரான்சிஸ்கா அனுப்பிய காசில் எழும்பியிருந்த சுவர்மேல் கூரை ஏற்ற லயமே இறங்கிப் போனது. அதற்குள் இராக்கம்மா வீட்டிலும் ஒரு தேயிலைப் பெட்டி வந்துவிட்டது. அவள் பிள்ளைகளின் பழைய போர்வையைத் திணித்து, பெட்டிச் சோற்றை ஏதோ தானே கண்டுபிடித்தவள் போலப் பீலிக்கரையில் வகுப்பு எடுக்கிறாள். இன்னும் நாலைந்து கூரையில் மாலையில் புகை குறைந்துவிட்டது. ஆனாலும் இராயப்பனைக் கஞ்சன் என்று சொல்வது நிற்கவில்லை. சொல்லட்டும். அந்தச் சொல்லுக்கு என்ன பதில் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பிரான்சிஸ்கா வருகிற நாளுக்கு முதல் நாள் காலையில் இராயப்பன் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்பட்டான். புதுச் சட்டை, புதுச் செருப்பு. ஷிரோமியின் தலையில் அவனே பின்னிய இரட்டைப் பின்னல், இரண்டும் ஒரே உயரத்தில். லயமே இஸ்தோப்பில் நின்று புத்தி சொன்னது.

"வேன் ஒண்ணு பேசிக்கிட்டுப் போறதுதான தம்பி?" என்றாள் இராக்கம்மா. "பொண்டாட்டி ரெண்டு வருசங் கழிச்சு வர்றா."

"போகும்போது நாங்க ரெண்டு பேருதான அக்கா, பஸ்லயே போயிருவோம். வரும்போது அவ பெட்டியெல்லாம் இருக்கும். பதுளையிலேர்ந்து ஓட்டோ புடிச்சிர்றேன்."

"ஓட்டோவா? நீயா?"

"நாந்தான்."

"கர்த்தரே," என்றாள் இராக்கம்மா, முருகனைக் கும்பிடுகிறவள். "சரி சரி, பஸ்ஸ விட்டுறாத. கதவப் பூட்டிட்டுப் போ."

"எதுக்குப் பூட்டணும்? நீங்கதான் இருக்கீங்கள்ல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இராயப்பன் கதவை வெறுமனே சாத்தினான். ஷிரோமி அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள், அப்பா, அப்பா என்று கீழேயிருந்து கூப்பிடுகிறாள். பதுளை பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்ததால் கொஞ்சம் நொண்டிக்கொண்டே, ஆனால் வேகமாகத்தான், அவன் படியிறங்கிப் போனான்.